நாற்பதைக் காய்ச்சினால் ஒன்று

வெர்மான்ட்டில் ஐந்து பருவங்கள் என்று சொல்வார்கள். குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே வரும் ஐந்தாவது, சேற்றுக் காலம். உறைந்து கிடந்த மண் சாலைகள் இளகி, கார்களின் சக்கரங்கள் புதைகிற நாட்கள். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்தச் சின்ன மாநிலத்தைப் பார்க்க மார்ச் மாதம்தான் சரியான நேரம். மலைச்சரிவுகளில், இலையில்லாத மரங்களுக்கு நடுவே, கூரை உச்சியில் திறப்பு வைத்த கொட்டகைகளிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி எழுகிறது. உள்ளே மேப்பிள் சாறு கொதிக்கிறது என்று அர்த்தம்.

சாறு என்கிறோமே தவிர, பார்வைக்கு அது வெறும் தண்ணீர். சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். பாகு என்று விற்க வேண்டுமானால் அது 66 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். ஏறக்குறைய 40 லிட்டர் சாறு காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. மீதமெல்லாம் கூரை வழியாக வானத்துக்குப் போகிறது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பவர்களுக்கு இந்த உழைப்பு புரியும். பதநீரில் இதைவிடப் பல மடங்கு இனிப்பு உண்டு என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டகையின் நடுவில் நீளமான இரும்பு அடுப்பு. அதன்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். பின்தட்டின் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அந்த இடுக்குகளில் தீ புகுந்து தண்ணீரை வேகமாக விரட்டுகிறது. முன்தட்டு தட்டையானது. உள்ளே தடுப்புகள் வைத்திருப்பதால் சாறு வளைந்து வளைந்துதான் நகர முடியும். ஒரு முனையில் மிதவை வால்வு வழியாகப் புதுச் சாறு நுழைய நுழைய, பழையது முன்னே தள்ளப்பட்டுக் கெட்டிப்படுகிறது. கடைசி மூலையை அடையும்போது பொன்னிறம். நிறமும் மணமும் தீ தருபவை.

தண்ணீரின் கொதிநிலையைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பதம். அந்தக் கணத்தில் குழாயைத் திறந்து இறக்கிவிட வேண்டும். நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போட்டால் அடங்கிவிடும். ஆனால் சாற்றின் மட்டம் இறங்கியதைக் கவனிக்காவிட்டால் சில நிமிடங்களில் பாகு கருகி, தட்டும் பாழாகிவிடும். அதனால் அடுப்பு எரிகிற வரை யாராவது ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார், பல சமயம் நள்ளிரவு வரை. அக்கம்பக்கத்தினர் எட்டிப் பார்க்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பனிக்கட்டித் தூள்மேல் சூடான பாகை ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ள டோநட்டும் வெள்ளரி ஊறுகாயும். திகட்டாமல் இருக்கத்தான் ஊறுகாய்.

இந்த மண்ணின் ஆதிகுடிகளான அபெனாகி மக்கள் ஐரோப்பியர்கள் வருமுன்பே இந்தச் சாற்றை அறிந்திருந்தார்கள். 1791-ல் வெர்மான்ட் வந்த தாமஸ் ஜெபர்சன், அடிமைகளின் உழைப்பில் விளையும் கரும்புச் சர்க்கரைக்கு இது மாற்றாகும் என்று நம்பினார். வர்ஜீனியாவிலிருந்த தன் மான்டிசெல்லோ தோட்டத்தில் மேப்பிள் கன்றுகளை நட்டார். அவை பிழைக்கவில்லை. அதே தோட்டத்தில் அவருடைய அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தது வேறு கதை.

இன்று வேலை மாறிவிட்டது. மரத்துக்கு மரம் வாளி தொங்கிய காட்சி வாழ்த்து அட்டைகளில்தான் அதிகம். பெரிய தோப்புகளில் பிளாஸ்டிக் குழாய்கள் மரங்களை வலைபோல் இணைக்கின்றன. பம்புகள் சாற்றை உறிஞ்சுகின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் அதே சவ்வூடு வடிகட்டல் முறை, சாறு அடுப்புக்குப் போகுமுன்பே பெரும்பகுதித் தண்ணீரைப் பிரித்துவிடுகிறது. மலைபோல் குவிக்க வேண்டிய விறகு மிச்சம், ராத்தூக்கமும் மிச்சம். அமெரிக்க மேப்பிள் பாகில் சுமார் பாதி வெர்மான்ட்டிலிருந்தே வருகிறது. எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக், உலக உற்பத்தியில் சுமார் 70 சதவீதத்தைத் தருகிறது. எண்ணெய் வள நாடுகளைப் போல அங்கே பாகுக்குக் கையிருப்புக் கிடங்கே இருக்கிறது.

இத்தனை இயந்திரங்களாலும் அவசரப்படுத்த முடியாதது ஒன்று உண்டு: இரவின் குளிர். ராத்திரி உறைந்து, பகலில் இளகினால்தான் மரத்துக்குள் அழுத்தம் ஏறிச் சாறு வடியும். இந்த ஏற்ற இறக்கம் நிலவுவது வருடத்தில் சில வாரங்கள்தான். மார்ச் முதல் செவ்வாய் ஊர்க்கூட்ட நாள். அதையொட்டித் துளையிடுவது பழைய வழக்கம். குளிர்காலம் சூடேறி வருவதால் இப்போது பலர் பிப்ரவரியிலேயே, சிலர் ஜனவரியிலேயே துளையிடுகிறார்கள். சீக்கிரம் துளைத்தால், நல்ல ஓட்டம் வரும் முன்பே துளை காய்ந்துவிடலாம். தாமதித்தால் முதல் ஓட்டம் கைநழுவும். துளையிடும் அளவுக்கு ஒரு மரம் பருக்கச் சுமார் 40 வருடம் ஆகிறது. தாத்தா வெட்டாமல் விட்ட மரத்தில் பேரன் சாறு எடுக்கிறான். அவன் இன்று விட்டுவைக்கும் கன்று பருக்கும்போது மார்ச் இரவுகள் உறையுமா என்பதுதான் தோப்புக்காரர்களின் கவலை.

மொட்டு விரியத் தொடங்கியதும் பாகின் ருசி கெட்டுவிடுகிறது. கடைசி ஓட்டத்துக்கு இங்கே 'தவளை ஓட்டம்' என்று பெயர். குட்டைகளில் தவளைகள் கத்தத் தொடங்கினால், அடுப்பை அணைத்துத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான்.