கொல்லையின் வரிசை

அப்பா ஒவ்வொரு தென்னம்பிள்ளைக்கும் ஒரு அட்டை போட்டு வைத்திருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை போஸ்ட் கார்டு அளவுக்கு நறுக்கி, வெற்றுப் பக்கத்தில் எழுதுவார். நட்ட தேதி, கன்று கொடுத்தவர் பெயர், முதல் பாளை விட்ட மாதம், வேப்பம்புண்ணாக்கு வைத்த கணக்கு. சிலவற்றில் போட்டோவும் குண்டூசியில் தொங்கும். மொத்தம் 140. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடும் கொல்லையும் ஒட்டிய தோப்பும் வரும் தையில் கைமாறுகின்றன. வாங்குபவர் மனை போடப்போகிறார். அண்ணனுக்குப் பணம் தேவை. வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கும் இல்லை. பாத்திரம் பண்டமெல்லாம் பிரித்தாயிற்று. அட்டைப் பெட்டியை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன்.

"அந்தக் குப்பைய எதுக்குடி கண்ணாடி கவர்ல போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருக்க?" என்றாள் அம்மா.

கவர் வாங்குவதற்கு முதலில் மூக்கு வேண்டும். புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பிவிசி, தொடாதீர்கள். அதை வளைந்துகொடுக்க வைக்கிற எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து போட்டோவில் ஒட்டும். பழசாக ஆக அமிலமும் விடும். என் கல்யாண ஆல்பத்தில் இப்போது கவரை உரித்தால் நாத்தனார் முகம் கவரோடு வந்துவிடுகிறது. பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் என்றால் பயமில்லை. முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிப்ரொப்பிலீன், 3 என்றால் பிவிசி. லாமினேட் செய்துவிடலாமே என்றான் அண்ணன் மகன். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, அதில் மேற்கொண்டு எழுதவும் முடியாது.

குண்டூசிகளைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. துரு சில அட்டைகளைத் தின்றே விட்டிருந்தது. அட்டை ஒரு பையில், போட்டோ பக்கத்துப் பையில். இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் மலிவு அட்டையின் அமிலம் போட்டோவுக்கு ஏறும். போட்டோவின் முதுகில் மெல்லிய பென்சிலில் அட்டையின் எண். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே ஆகாது. ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும், போட்டோவின் மேல்பூச்சு இளகி பிளாஸ்டிக்கோடு ஒட்டும். நான் பங்குனி மதியங்களில், நேர் வெயில் படாத திண்ணையில் உட்கார்ந்து செய்தேன்.

சிக்கல் வரிசையில்தான் வந்தது. அப்பா மூலையில் எண் போட்டிருந்தார். ஆனால் 11 முருங்கை, 12 தென்னை, 13 செம்பருத்தி, 14 மறுபடி தென்னை. தேதிப்படியும் இல்லை. அகர வரிசையில் மாற்றிவிடலாம் என்று அண்ணன் மகன் எக்செல்லைத் திறந்தே விட்டான். அம்மா நாலைந்து அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது உங்கப்பா நடந்துபோற வழிடி. கொல்லைக் கதவத் தொறந்தா கிணத்தடி வாழை, அப்புறம் முருங்கை, அப்படியே கீழ வேலி."

எக்செல்லை மூடச் சொன்னேன். மனை போட்டபின் அந்த வழி இருக்கப்போவது இந்த எண்களில்தான். பெயர் வைத்துத் தேட வேண்டுமானால் முன்னால் தனியாக ஒரு அட்டவணை இருந்துவிட்டுப் போகட்டும்.

தோப்பு 60-க்கு மேல் தொடங்குகிறது. அங்கே அட்டைக்கு அட்டை ஒரே கடைசி வரி: "16.11.2018 கஜாவில் சாய்ந்தது." சிலவற்றில் "தலை மேற்கே" என்று விழுந்த திசையும் உண்டு. 83-ல் மட்டும் "நிற்கிறது". கணக்கெடுக்க வந்தவர்களுக்கு எண்ணிக்கை போதும். எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று அப்பாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விழுந்த மரத்தின் அட்டையை அவர் தூக்கிப்போடவில்லை. அதே எண்ணில் புதுக் கன்றுக்கு இன்னொரு அட்டை எழுதிப் பின்னால் வைத்தார். ஆகவே அவை இரண்டும் ஒரே பையில்.

57 இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடியும் இல்லை.

"அது நாரத்தை. வேலிய அடைக்குதுன்னு நான்தான் ஆள விட்டு வெட்டச் சொன்னேன். அன்னைக்குக் கோவத்துல அட்டையக் கிழிச்சிட்டாரு. ரெண்டு நாள் பேச்சே இல்ல."

அந்தப் பையைக் காலியாக விட்டிருக்கிறேன். புது அட்டை எழுதட்டுமா என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது தினமும் காலையில் நான் வாசிக்க, அம்மா சேர்த்துச் சொல்கிறாள். செம்பருத்திக் கொம்பு யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தப் பலாவில் குரங்கு ஏறியது. தனித் துண்டுகளில் பென்சிலில் எழுதி, அந்தந்தப் பையில் செருகுகிறேன். நேற்று 31 வரை வந்தோம். வெயில் ஏறிவிட்டது என்று எழுந்துபோனாள்.