முள்ளும் திரியும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பி ஆரோவில் போகிற வழியில் இருக்கிறது குயிலாப்பாளையம். வாடகை ஸ்கூட்டர், புல்லட், பழைய மொபெட், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் எக்ஸ்எல் என்று காலையிலேயே தெரு இரைகிறது. சுற்றுப் பாதைகளெல்லாம் செம்மண். ஓரங்களில் முந்திரி, சவுக்கு, அப்புறம் வேலிக்காத்தான். அதன் முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். டயரை மட்டும் விட்டுவிடுமா? ஆகவே பஞ்சர் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கடைக்காரர்கள் செய்கிற வேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம் என்று இப்போது ஒரு கிட் டப்பா விற்கிறார்கள். ரீமர், கண் வைத்த ஊசி, பிசின் தோய்த்த திரிகள், ஒரு சின்ன சொல்யூஷன் குழாய். தொழில் தெரிந்தவர் இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்க, டப்பாவோடு ஒரு கடையில் போய் உட்கார்ந்தேன். பழைய டயரில் வெள்ளைப் பெயின்டால் ‘பஞ்சர்’ என்று எழுதிக் கட்டியிருந்ததுதான் பெயர்ப் பலகை. கடைக்காரர் முதலில் திரியைக் கிள்ளிப் பார்த்தார்.

“சாமான் நல்லாத்தான் சார் இருக்கு. சீட்டுக்கு அடியில போட்டு மறந்துடுவாங்க. வெயில்ல சொல்யூஷன் காஞ்சி போயிடும். பஞ்சர் ஆகிற அன்னிக்குத்தான் அது தெரியும்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாடகை ஸ்கூட்டர் வந்தது. பின் டயரில் ஆணித்தலை. ஓட்டி வந்த பையன் குறடு எடுக்கப் போனான். “புடுங்காத தம்பி. இப்ப அந்த ஆணிதான் அடைப்பு” என்று தடுத்தார்.

ட்யூப்லெஸ் டயரின் சங்கதி இதுதான். உள்ளே ட்யூப் கிடையாது. டயரின் உட்பூச்சே காற்றைப் பிடித்துவைக்கிறது. டயரின் விளிம்பு ரிம்மில் இறுக உட்கார்ந்திருக்கிறது. குத்திய ஆணியை ரப்பர் கவ்விக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனம் இத்தகைய டயரை அறிவித்தது 1947இல். நம்மூர் ஸ்கூட்டருக்கு அது வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அவர் அவசரப்படவில்லை. சோப்புத் தண்ணீரை டயர் முழுக்க ஊற்றி, வேறு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். ஊசியில் திரியைக் கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்துக்கொண்ட பிறகுதான் ஆணியைப் பிடுங்கினார். பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனித்தார். ரீமரும் அதே சாய்வில் இறங்கியது. நேராகக் குத்தினால் இன்னொரு ஓட்டைதான் மிச்சம். டப்பாவோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரீமரை மேலும் கீழும் இழுப்பது பிசின் பிடிப்பதற்காகத் துளையின் உட்சுவரைச் சொரசொரப்பாக்க. பிறகு திரியை நுனிகள் ஒரு விரல் அகலம் வெளியே நிற்கும்வரை அழுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக இழுத்தார். மிச்ச வாலை நறுக்கினார். காற்றடித்து மறுபடி சோப்புத் தண்ணீர். குமிழி வரவில்லை.

வீட்டில் செய்கிறவர்கள் திணறுவது ஊசியை உள்ளே தள்ளும்போதுதான். டயரில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே செய்வது சுலபம். சப்பையாகிவிட்டால் அழுத்த அழுத்த டயர் உள்வாங்கும்.

“அவங்களே போட்டுக்கிட்டா உங்களுக்கு நஷ்டம் இல்லையா?”

“வராங்க சார். பாதி போட்டுட்டு வராங்க.”

பக்கச்சுவரில் குத்தினால் திரி போடவே கூடாது. அங்கே டயர் ஓயாமல் வளைகிறது. கிழிசலுக்கும், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளைக்கும் அப்படித்தான். ஒரே துளையில் மூன்று திரி திணித்து ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதுவும் முன் சக்கரத்தில்! ஒழுங்காகப் போட்ட திரிக்கும் இவர் ஒரு எல்லை சொல்கிறார்: ஊருக்குள் ஓட்டலாம், சென்னை வரைக்கும் போவதென்றால் டயரைக் கழற்றி உள்ளே மஷ்ரூம் பேட்ச் வைத்துவிட வேண்டும்.

வடக்கே மரக்காணம் உப்பளப் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே கம்பிச் சக்கரம் போட்ட எக்ஸ்எல்கள், உள்ளே ட்யூப். ஓட்டை ட்யூபில் இருக்கும்போது டயரில் திரி செருகி என்ன பயன்? லீவர் போட்டு நெம்பி, ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி கண்ட இடத்தைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரைக்கும் பொறுத்து ஒட்ட வேண்டும். அதைவிட முக்கியம், டயருக்குள் துணியை ஓடவிட்டுப் பார்ப்பது. ஒடிந்த முள்நுனி துணியில் மாட்டும். அதை விட்டுவிட்டு ஒட்டினால் அடுத்த தெரு தாண்டுவதற்குள் காற்று இறங்கிவிடும். உப்புக் காற்று இரும்பு ரிம்மைத் தின்கிறது. அலாய் சக்கரத்தின் விளிம்பிலும் பொடி பூத்து, ஆணியே இல்லாமல் காற்று கசிகிறது. அதற்கு ரிம் விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் வழி.

ட்யூப்லெஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு கிட் வாங்கி வையுங்கள், கூடவே காற்றடிக்க ஒரு பம்பும். சொல்யூஷனை அவ்வப்போது பிதுக்கிப் பாருங்கள். உங்களுடையது கம்பிச் சக்கரம், ட்யூப் டயர் என்றால் கிட் வேண்டாம். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.