வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ்

கும்மிடிப்பூண்டி ரயிலும் திருவள்ளூர் ரயிலும் சென்னை மூர் மார்க்கெட் வளாகத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. சாலையைத் தாண்டினால் ஜி.எச்., அரசுப் பொது மருத்துவமனை. தலையில் கட்டி என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு தடத்திலிருந்தும் அங்கே வந்து சேர்கிறார்கள், ஸ்கேன் படங்கள் உள்ள பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு.

*

பி. ராமமூர்த்தி அந்த மருத்துவமனையில் மூளை அறுவையைத் தொடங்கியது 1950இல். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949லேயே தொடங்கியிருந்தார். அன்று கட்டியை நேராகக் காட்டும் ஸ்கேன் கிடையாது. மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள்; அறை எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துக் கட்டியின் இடத்தை ஊகிப்பார்கள். லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971 அக்டோபரில். அந்த இருபது ஆண்டுகளில் கத்தி பிடித்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

*

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகள், ரோலிங் மில்கள். வெல்டிங், கிரைண்டிங் செய்கிறவர் கண்ணில் தூள் விழுவது சகஜம். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார், பிறகு மறந்தும் போவார். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்போது அதை மறக்கவே கூடாது. 3 டெஸ்லா காந்தத்தின் வலு பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 60,000 மடங்கு. கண்ணுக்குள் தங்கிவிட்ட இரும்புத் துணுக்கை அது அசைத்தால் பார்வையே போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். "என்ன வேலை?" என்று கேட்டால் "கம்பெனியில்" என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது.

*

கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அதை ஒட்டி என்ன இருக்கிறது? பேச்சா, வலது கையா? இதற்குத்தான் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. மூளையில் வேலை நடக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். செய்ஜி ஒகாவா 1990இல் இந்த வேறுபாட்டைப் படமாக்கிக் காட்டினார். விரலை மடக்கி நீட்டச் சொன்னால் கையை ஆளும் இடம் தெரியும். மனத்துக்குள் சொற்களை அடுக்கச் சொன்னால் பேச்சுக்கான இடம் தெரியும்.

எந்த மொழிச் சொற்களை?

திருவள்ளூர் மாவட்டத்தில் இதைக் கேட்டே ஆக வேண்டும். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி, கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆலைகளில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்கள். ஓஜ்மன், விட்டேக்கர் என்ற இருவர், இருமொழி பேசும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து 1978இல் எழுதினார்கள்: சில இடங்கள் இரண்டு மொழிக்கும் பொது, வேறு சில இடங்களைத் தொட்டால் ஒரு மொழிதான் அதிகம் தடுமாறுகிறது. தமிழில் மட்டும் கேட்டு எடுத்த படத்தை நம்பிக் கத்தி வைத்தால், அந்த மனிதர் தன் அம்மாவோடு பேசும் மொழி படத்தில் விடுபட்டிருக்கக்கூடும்.

*

கட்டியை ஒட்டிய ரத்தக்குழாய்களின் இயல்பு கெட்டிருக்கும். அதனால் நன்றாக வேலை செய்யும் திசுகூடப் படத்தில் ஒளிராமல் போகலாம். பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால் நோயாளியை விழிக்கவைத்துப் பேசவிட்டு, மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தொட்டுப் பார்க்கும் முறை இன்றும் தேவைப்படுவது இதனால்தான். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத்தோலையும் மூளையை மூடிய உறையையும் மரத்துப்போகச் செய்தால் போதும். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு வளர்த்தெடுத்த முறை. சாண்டி அவரிடம் பயின்றவர். இந்த முறையிலும் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பவருக்கு நோயாளியின் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

*

நேவிகேஷன்: கருவியின் முனையை அகச்சிவப்புக் கேமரா பின்தொடர்ந்து, முன்பே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின்மேல் அதன் இடத்தைக் காட்டும். ஆனால் மண்டையைத் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடியும், மூளை தாழும், சிலருக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். தொடங்கும்போது சரியாக இருந்த படம் போகப்போகப் பிசகிவிடும். நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதும், வசதியுள்ள இடங்களில் ஆபரேஷன் தியேட்டரிலேயே எம்.ஆர்.ஐ. எடுப்பதும் இதற்காகத்தான்.

5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தை மயக்கம் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுக்கிறார்கள். நீல ஒளியில் சில வகைக் கட்டிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். 2006இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், இந்த ஒளியின் துணையோடு அறுவை செய்தவர்களில் 65 சதவீதம் பேருக்குப் படத்தில் தெரிந்த கட்டி முழுதாக நீங்கியது. வழக்கமான வெளிச்சத்தில் 36 சதவீதம்.

*

நோயாளியின் வீட்டார், யாரும் கேட்காமலே சொல்ல வேண்டியவை: வீட்டில் பேசும் மொழி, பள்ளியில் படித்த மொழி, பணம் எண்ணும்போது வாயில் வரும் மொழி, எழுதும் கை, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா என்பது. ஸ்கேன் எடுக்கும் இடங்களும் தெலுங்கு, ஒடியா, வங்காளச் சொற்களையும் எளிய கேள்விகளையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பல கோடி ரூபாய் எந்திரத்துக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.