லாரியில் ஏறாத சாமான்கள்

ஆடி பிறக்கப் போகிறது என்றால் சென்னையில் வீடு மாற்றிக் கொடுப்பவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆனிக் கடைசியிலேயே எல்லா வீடும் கிளம்பிவிடுகிறது. அந்த நெருக்கடியான நாட்களில் ஒருநாள், வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடொன்றைக் காலி செய்யப் போன ஆட்களோடு நானும் போனேன். சாமான்கள் போய்ச் சேர வேண்டிய இடம் கோயம்புத்தூர்.

வந்தவுடன் யாரும் எதையும் தூக்கவில்லை. மேஸ்திரி ஐம்பதைத் தாண்டியவர். நேராகச் சமையலறைக்குப் போனார், பிறகு பாத்ரூம், பிறகு பால்கனி. வண்டியில் ஏறக்கூடாததை ஒதுக்கி முடித்த பிறகுதான் அட்டைப்பெட்டியையும் பபிள் ஷீட்டையும் பிரிக்கச் சொல்வார்.

"சிலிண்டர் ஏத்த மாட்டோம்மா."

"காலி சிலிண்டர்தாண்ணே. போன வாரமே தீந்துபோச்சு."

"அடுப்பு எரியலன்னா காலின்னு நெனைக்கிறோம். உள்ள கொஞ்சம் நிக்கும்மா. ஏஜென்சில குடுத்துட்டுப் பேப்பர் வாங்கிக்குங்க."

அவர் சொன்னது சரி. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தங்கும். நாலு பக்கமும் அடைத்த வண்டிக்குள், பஞ்சு மெத்தைக்கும் அட்டைப்பெட்டிக்கும் அடியில் அது தேங்கினால் ஒரு தீப்பொறி போதும். ஊர் மாறுகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும். கூடவே தரும் பேப்பரைக் காட்டிப் புது ஊரில் இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். அடுப்பு மட்டும் சாமான்களோடு போகும். ஒரு நாள் முன்னதாகச் செய்துவிட்டால் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் முந்தின இரவே தாங்களாகக் கட்டி வைத்த பெட்டிகள் சில கூடத்தில் இருந்தன. லோடுமேன்கள் அதிகம் பயப்படுவது இந்தப் பெட்டிகளுக்குத்தான். மேஸ்திரி ஒன்றின் அருகே உட்கார்ந்து அடியைத் தடவிப் பார்த்தார். மூலையில் அட்டை நைந்து மஞ்சளாகியிருந்தது. டேப்பை வெட்டினார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய டாய்லெட் ஆசிட் பாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே பாதி காலியான பிளீச்சிங் பவுடர் பாக்கெட். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தவை என்பதால் ஒரே பெட்டிக்குள் போயிருக்கின்றன. ஆசிட் அந்தப் பவுடரில் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய லாரிக்குள் ராத்திரி முழுக்க அது நிறைந்திருந்தால், விடியற்காலையில் கோயம்புத்தூரில் கதவைத் திறந்து முதலில் உள்ளே ஏறப்போவது ஒரு லோடுமேன். பெட்டியைக் கட்டியவர் அப்போது கீழே நின்றுகொண்டிருப்பார்.

அந்த அம்மாள் பதறிப்போனார். "தெரியாம வெச்சுட்டேண்ணே" என்றார். மேஸ்திரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாட்டிலை நிமிர்த்திப் பால்கனியில் கொண்டுபோய் வைத்தார், கையைச் சோப்பு போட்டுக் கழுவினார். இளைஞன் ஒருவன் தன் முழங்கையின் உட்பக்கத்தைக் காட்டினான். வெளுத்துப்போன நீளத் தழும்பு. இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்த்துப் பிடித்ததில் வழிந்த ஆசிட் என்றான். அந்த பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல் இருக்கும். சில கம்பெனிகள் அதைத் தொடுவதே இல்லை. இவர்கள் எடுப்பார்கள், ஆனால் இரண்டு பேர் பிடித்து நிமிர்ந்தபடியேதான் இறக்குவார்கள்.

கீழே பைக்குக்கும் அதே கண்டிப்பு. டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றிப் பெட்ரோலைப் பாட்டிலில் வடித்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மிச்சமும் தீர்ந்து அது தானாக அணையும்வரை காத்திருந்தார்கள். அப்புறம் பேட்டரி ஒயர். அதற்குப் பிறகுதான் கம்பளி சுற்றினார்கள். பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், போன தீபாவளியில் மிஞ்சிய பட்டாசு எதையும் இவர்கள் ஏற்றுவதில்லை. பாதி தீர்ந்த ஊறுகாய் ஜாடியும் எண்ணெய்த் தூக்கும் கூட வேண்டாம் என்பார்கள், வழியில் கொட்டினால் மற்ற சாமான்கள் பாழாகும் என்பதால்.

நகை, பணம், வீட்டுப் பத்திரம், சர்டிபிகேட் ஆகியவற்றை ஏன் எடுப்பதில்லை என்று மேஸ்திரியிடம் கேட்டேன். இன்சூரன்ஸ் கிடையாது என்ற பதிலை எதிர்பார்த்தேன். அதையும் சொன்னார். ஆனால் முதலில் சொன்னது வேறு: "ஒரு மோதிரம் காணோம்னாக்கூட எங்க பசங்களத்தான் சார் நிக்க வெச்சுக் கேப்பாங்க. அப்புறமா அது அவங்க கைப்பையிலயே இருக்கும்." கூலிக்கு வரும் ஆளுக்குத் தன் நாணயத்தைத் தவிர வேறு கைமுதல் இல்லை. நகையை எடுக்க மாட்டேன் என்று மறுத்துத்தான் அவர் அதைக் காப்பாற்றிக்கொள்கிறார். இந்த மறுப்பு எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

துளசித் தொட்டிதான் அந்த அம்மாளுக்குப் பெரிய மனக்குறை. இருட்டில், புழுக்கத்தில், தண்ணீர் இல்லாமல் செடி தாங்காது, மண்ணும் சிதறும். கடைசியில் அது எதிர்வீட்டுக்குப் போனது. சாமி படங்களையும் குத்துவிளக்கையும் அவர்களே மடியில் வைத்துக் காரில் கொண்டுபோகிறார்கள். அந்த மூட்டையை லோடுமேன்கள் கேட்கவும் இல்லை.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கில் என்ன இருக்கிறது என்று சரியாக எழுதிக் கொடுப்பது ஒப்படைப்பவரின் பொறுப்பு. தப்பாக எழுதியதால் நஷ்டம் வந்தால் அதை ஏற்க வேண்டியவரும் அவரே. தூக்கும் சுமைக்கும் அளவு உண்டு: ஒரு ஆண் தொழிலாளி தூக்குவது 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் செய்த பரிந்துரை. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் அடைக்காதீர்கள் என்று லோடுமேன்கள் கெஞ்சுவது சும்மா இல்லை.

வீடு மாற்றப் போகிறவர்கள், என்னென்ன எடுக்க மாட்டீர்கள் என்று பேக்கிங் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் கிளம்புவதற்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். நீங்களே கட்டும் பெட்டியின்மேல் உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதைத் தோளில் ஏற்றி மூன்று மாடி இறங்கப் போகிற மனிதருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.