தாய் வர இயலாத நேரத்தில் தாயாக வந்தவர்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் தெப்பக்குளத்தின் பக்கமாக நடந்தால், கடைவீதியின் சந்தடிக்கு நடுவே மலைக்கோட்டையின் அடிவாரம் வந்துவிடும். அங்கே மாணிக்க விநாயகர் அமர்ந்திருக்கிறார். அவரை வணங்கிப் படியேறினால், உச்சிப் பிள்ளையார் சன்னதிக்குச் செல்லும் வழியில், மலையின் நடுப்பகுதியில் தாயுமானவர் திருக்கோயில் அமைந்துள்ளது. மட்டுவார்குழலி அம்மையுடன் இங்கு எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு வடமொழியில் மாத்ருபூதேஸ்வரர் என்று பெயர். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் இது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலும் இம்மலையில் உள்ளது.

இறைவனைத் தந்தை என்றும் தலைவன் என்றும் போற்றும் தலங்கள் பல. பிரசவ அறைக்குள் வந்த தாய் என்று போற்றும் தலம் இது. அந்த வரலாற்றை இத்தலத்துப் புராணமாகிய செவ்வந்திப் புராணம் கூறுகிறது.

பூம்புகாரைச் சேர்ந்த வணிகர் குலத்துப் பெண் ரத்னாவதி. திருச்சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள், சிவபக்தியில் சிறந்தவள். அவள் கருவுற்று, பேறுகாலம் நெருங்கியது. பூம்புகாருக்கும் திருச்சிக்கும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. நிறைமாதத்தில் அவள் பயணப்படவில்லை. தாய்தான் மகளைத் தேடிப் புறப்பட்டாள். பேறுகால மருந்துகளும் தின்பண்டங்களும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவளைக் காவிரி மறித்தது. கரை புரண்டு ஓடிய வெள்ளத்தில் ஓடம் செல்லாது. மகளுடைய ஊர் எதிர்க்கரையில் இருந்தும், தாய் இக்கரையிலேயே தங்க நேர்ந்தது.

அங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. துணைக்கு ஒருவரும் இல்லை. மலைமேல் இருக்கும் பெருமானை நினைத்து அவள் அழுதாள். சற்று நேரத்தில் தாய் வந்து வாசலில் நின்றாள். அதே முகம், அதே குரல், கையில் மருந்து மூட்டை. மகளைத் தாங்கிப் பிடித்து, பிரசவம் பார்த்து, குழந்தையை நீராட்டி, மகளுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுத்துச் சில நாட்கள் உடனிருந்தாள். வெள்ளம் வடிந்ததும் உண்மையான தாய் பதறியபடி வந்து சேர்ந்தாள். ஒரே வீட்டில் இரண்டு தாயரைக் கண்டு மகள் திகைத்து நிற்க, முதலில் வந்தவள் மறைந்தாள். தாயாக வந்தவர் மலைமேல் உறையும் சிவபெருமானே என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று முதல் அவர் தாயும் ஆனவர்.

சித்திரைப் பெருவிழாவில் இந்நிகழ்ச்சி ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. பேறுகால மருந்து பிரசாதமாக வழங்கப்படும். கர்ப்பிணிகளும் அவர்களுடைய தாய்மார்களும் திரளாக வந்து பெற்றுச் செல்கின்றனர். சுகப்பிரசவம் வேண்டிக்கொள்பவர்கள் சுவாமிக்கு வாழைத்தார் சமர்ப்பிக்கும் வழக்கமும் உண்டு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். வளைகாப்பும் சீமந்தமும் முடிந்ததும் பெண்ணை அழைத்து வருவார்கள். புகுந்த வீட்டில் கூச்சத்தால் வாய்விட்டுக் கேட்க முடியாததை அம்மாவிடம் கேட்கலாம். வேளாவேளைக்கு ஓய்வு கிடைக்கும். பத்தியச் சாப்பாடு கைக்கு வரும். வழக்கத்தின் உயிர் இந்தப் பராமரிப்பில்தான் இருக்கிறது.

இன்றைய நிலை வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன என்பதை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. தொலைதூர நகரத்தில் வேலை பார்க்கும் மகள், முதல் மாதம் முதல் தன்னைக் கவனித்துவரும் மருத்துவரிடமே பிரசவம் என்று முடிவு செய்கிறாள். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், கடைசி மாதங்களில் நெடும்பயணம் வேண்டாம் என்று மருத்துவரே தடுப்பதும் உண்டு. அப்போது பிறந்த வீட்டில் மனக்குறை எழுகிறது. ‘முறை தவறிவிட்டதே’ என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். சம்பந்திகளுக்குள் பேச்சு தடிப்பதும், அதற்கு நடுவே அந்தப் பெண் கண்கலங்குவதும் பல வீடுகளில் நடப்பதே.

அந்த வீட்டுப் பெரியவர்கள் இத்தலத்து வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ரத்னாவதி தாய்வீட்டுக்குப் போகவில்லை. தாய் புறப்பட்டு வந்தாள். தாயும் வர முடியாதபோது, ‘முறைப்படி நடக்கவில்லையே’ என்று இறைவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மகள் இருந்த இடத்துக்கே இறங்கி வந்தார். எந்த ஊர், யார் வீடு என்ற கேள்விகள் அவ்வளவு பெரியவை அல்ல. மருத்துவ உதவி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அன்புள்ள கை ஒன்று அருகில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமையும் இடமே நல்ல இடம்.

அந்தக் கை பெற்றவளுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உடல்நலம் குன்றிய தாயால் பயணப்பட இயலாமல் போகலாம். அப்போது மாமியாரும் தாய் ஆகலாம். நாத்தனாரும், பக்கத்து வீட்டு மூதாட்டியும் ஆகலாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதிக்கும் முறை உண்டு. அவ்வாறு மருமகளின் கையைப் பற்றியபடி நிற்கும் மாமியார், அந்த நேரத்தில் தாயும் ஆனவரே.

தஞ்சை மாவட்டம் திருக்கருகாவூரில் அருள்புரியும் கர்ப்பரட்சாம்பிகையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. கணவர் வெளியே சென்றிருந்தபோது முனிவர் ஒருவரின் சாபத்தால் வேதிகையின் கரு கலைய, அன்னை அதைக் குடத்தில் இட்டுக் காத்து, உரிய காலத்தில் குழந்தையாகக் கொடுத்தாள். அங்கும் ஒரு பெண் தனித்திருந்த நேரத்தில்தான் துணை வந்தது. சுகப்பிரசவத்துக்காக அங்கு மந்திரித்துத் தரப்படும் விளக்கெண்ணெய், தமிழகத்தைக் கடந்தும் பயணமாகிறது.

முழங்கால் வலியுள்ள முதியோர் மலைக்கோட்டைப் படிகளை நிதானமாக, இடையிடையே அமர்ந்து ஏறுவது நல்லது. ஏற இயலாதவர்கள் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரை வணங்கி, அங்கிருந்தே மலையை நோக்கிக் கைகூப்பலாம். வெள்ளத்தைப் பொருட்படுத்தாமல் அடியவளின் வீடு தேடி வந்தவருக்கு, அந்தப் படிகள் ஒரு தடையாகா.