ஆரேஸ், ஆர, ஆரல்

வராகமிகிரரின் பிருகத்ஜாதகம் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் எழுந்த சோதிட நூல். அதன் இரண்டாம் அத்தியாயம் கோள்களின் மாற்றுப் பெயர்களை அடுக்கித் தருகிறது. சூரியனுக்கு ஹேலி, புதனுக்கு ஹிம்ன, செவ்வாய்க்கு ஆர, வெள்ளிக்கு ஆஸ்புஜித், சனிக்குக் கோண. வடமொழி வேர்களைக் கொண்டு இவை அனைத்தையும் விளக்க முயல்வோர் இடர்ப்படுவர். கிரேக்கம் கற்றோர்க்கோ இவை அறிந்த பெயர்கள்: ஹீலியோஸ், ஹெர்மிஸ், ஆரேஸ், அப்ரோடைட்டி, குரோனோஸ்.

ஆரேஸ் என்னும் போர்த்தெய்வத்தின் பெயர் பழமையானது. கினோசஸில் கிடைத்த நேரியல் பி களிமண் பலகையொன்றில் ‘ஆரே’ என்று அது வாசிக்கப்படுகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட எழுத்து அது. உரோமர் இப்பெயரைக் கடன் பெறவில்லை. தம் மார்ஸை அவ்விடத்தில் அமர்த்தினர். வடமொழிச் சோதிடரோ ஒலியையே ஏற்றுக்கொண்டு, தெய்வத்தை விட்டுவிட்டனர். ‘ஆர’ அவர்களுக்கு ஒரு கோளின் கலைச்சொல் மட்டுமே.

இப்பகுதியைத் தம் ஆய்வேட்டில் எழுதிக்கொண்டிருந்தார் ஆனேக்கலில் வசிக்கும் தமிழ் ஆய்வு மாணவி ஒருவர். ஓசூரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் அதைப் படித்தார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மாணவிக்கு நன்னூலைக் கற்பித்தவரும் அவரே.

“ஆரல் என்றால் கார்த்திகை. கார்த்திகை மைந்தன் முருகன். செவ்வாய்க்கு அதிதேவதையும் அவனே. ஆரேஸும் போர்த்தெய்வம், அவன் கோளும் செவ்வாய். கிரேக்கனுக்குப் பெயர் எங்கிருந்து போயிற்று என்று எழுத உனக்கு ஏனம்மா தயக்கம்?”

கற்பித்தவரை மறுத்துரைப்பது எளிதன்று. எனினும் அவர் மறுத்தார்.

“மாமா, பழந்தமிழில் ஆரல் என்பது விண்மீன் கூட்டம், கோளன்று. கிரேக்கத்திலும் அக்கோள் ஆரேஸுக்கு உரியதானது கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில்தான். பாபிலோனியர் அதை நெர்கல் என்னும் தெய்வத்துக்கு உரியதாக்கியிருந்தனர். அந்த முறையைக் கிரேக்கர் தம் தெய்வங்களுக்கு ஏற்றிக்கொண்டனர். ஆரேஸ் என்ற பெயரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. பெயர் பிறந்தபோது இல்லாத செவ்வாய், பெயரின் பிறப்புக்கு எப்படிச் சான்றாகும்?”

மாமா விடவில்லை. “அப்படியானால் ‘ஆர’ ஆரேஸிலிருந்து வந்தது என்பதும் ஒலி ஒப்புமைதானே? உன் ஒப்புமைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?”

வாய்மொழித் தேர்வில் எழவேண்டிய கேள்வி வீட்டுக் கூடத்தில் எழுந்தது. அதற்கு விடை மூன்று. முதலாவது, சொல் தனித்து வரவில்லை, கூட்டமாக வந்தது. அதே நூல் இராசிகளுக்குக் கிரிய, தாவுரி, லேய எனத் தரும் பெயர்கள் கிரேக்கத்தின் கிரியோஸ், தௌரோஸ், லியோன் ஆகியவையே. இரண்டாவது, பொருள் துல்லியமாகப் பொருந்துகிறது. ஆரேஸின் கோள் எதுவோ அதுவே ‘ஆர’. மூன்றாவது, சொல் வந்த வழி தெரிகிறது. யவன சாதகம் என்ற வடமொழி நூல் தன் பெயரிலேயே மூலத்தைச் சொல்கிறது. 1978இல் அதைப் பதிப்பித்த டேவிட் பிங்கிரி கணித்த காலத்தைப் பின்வந்தோர் ஐயுற்றனர். அதன் கிரேக்கத் தொடர்பு ஐயத்துக்கு உரியதன்று. யவனரின் சோதிட அறிவை வராகமிகிரரே பிருகத்சம்ஹிதையில் மதித்துக் கூறுகிறார்.

இம்மூன்றும் இல்லாத ஒப்புமை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு மேஷ ராசியே சான்று. அதன் இலத்தீன் பெயர் ஏரியஸ். அதன் அதிபதி செவ்வாய். ஆகவே ஏரியஸும் ஆரேஸும் ஒன்று என்று தோன்றும். ஆனால் ஏரியஸ் என்றால் ஆட்டுக்கடா. அதற்கும் போர்த்தெய்வத்துக்கும் சொல்லுறவு இல்லை. ஊர்ப்பெயரும் இதற்கு விலக்கன்று. ஆனேக்கல் என்றதும் தமிழ்ச்செவி யானையையும் கல்லையும் கேட்கும். கன்னடத்தில் ஆனெகல்லு என்பதற்கு ஆலங்கட்டி என்ற பொருளும் உண்டு.

“இதே அளவுகோலை ஓரைக்கும் வைப்பாயா?” என்றார் மாமா. தொல்காப்பியத்தின் ஓரையைக் கிரேக்க ஹோராவாகக் கொண்டு நூலின் காலத்தைப் பின்தள்ளினார் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஓரை மகளிர் விளையாட்டைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என்று மறுத்தனர் பலர். அந்த வழக்கிலும் கேட்கவேண்டியவை அதே மூன்று கேள்விகள்தாம் என்றார் மாணவி. அங்கே சொல்லுக்குத் துணையாகக் கிரேக்கக் கலைச்சொற்களின் கூட்டம் வரவில்லை. ஆகவே அச்சொல் ஒன்றைக்கொண்டே காலத்தை முடிவுசெய்ய இயலாது. தமிழுக்குச் சாதகமாக அமைவதால் அந்த முடிவு சரியாகிவிடவில்லை. அளவுகோல் மாறாததால்தான் அதற்கு மதிப்பு.

ஆய்வேட்டில் ஆரல் இடம்பெறவில்லை. இடம்பெற்றது செவ்வாய். செம்மையிலிருந்து பிறந்த அப்பெயர், அக்கோளின் நிறத்தைக் கண்டு இடப்பட்டது. கிரேக்கரும் அதை நெருப்பன்ன ஒளியுடையது என்ற பொருளில் பைரோயிஸ் என்றனர்; வடமொழியார் கனல்துண்டு என்ற பொருளில் அங்காரகன் என்றனர். மூன்று மொழியினரும் ஒரே சிவப்பைக் கண்டனர். அதற்கு ஒருவர் மற்றவரிடம் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை.