முதலில் அடைக்க வேண்டியவை

மணலுக்குத் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. மாமா இதைச் சொல்லிக்கொண்டேதான் வேலை செய்வார். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஓரிக்கைப் பக்கம் அவர் பட்டறை. அங்கே துருவேறிய மாஸ்ஸி ஃபெர்குசன் 1035 ஒன்று நின்றது. 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் சிவப்பு டிராக்டர். அப்பா உழுத வண்டி காயலான் கடைக்குப் போகக்கூடாது என்று வாலாஜாபாத் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்து விட்டிருந்தார்.

துரு போக கம்ப்ரஸர் காற்றில் மணல் அடிக்க ஒரு பொழுது போதும். அதற்கு முன் துளைகளை அடைப்பதற்குத்தான் நாள் பிடிக்கும். டைனமோ, செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர், டீசல் பம்ப் எல்லாம் கழன்று பட்டறைக்குள் போய்விடும். ஏர் கிளீனர் குழாய் வாய்க்கும் சைலன்ஸர் வாய்க்கும் தகரம் வெட்டி, ரப்பர் பேக்கிங் கொடுத்து, போல்ட் போட்டு முடுக்குவார். துணி திணிக்க விடமாட்டார்; பொடி மணல் அதற்குள் புகுந்துவிடும். டேப் மட்டும் ஒட்டினால் கிழிந்துபோகும். ரப்பரில் பட்ட மணலோ தெறித்து ஓடும். இன்ஜெக்டர் துளை, ஆயில் ஸ்டிக் துளை, பிரீதர் குழாய் எல்லாவற்றையும் அடைப்பார். பலரும் மறப்பது பிரீதரைத்தான். அதன் வழியே இறங்கிய ஒரு சிட்டிகை மணல் ஆயிலில் கலந்து பேரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். கடைசியாக, எஞ்சின் நம்பர் பொறித்த இடத்தில் தடித்த ரப்பர் ஒட்டுவார். அந்த எண் அழிந்தால் ஆர்.சி. புத்தகம் வெறும் காகிதம்.

பொறித்த எண் என்றதும் எனக்குக் கல்வெட்டு ஞாபகம் வருகிறது. திருப்பணி என்ற பெயரில் இதே கம்ப்ரஸர் கோயில்களுக்குள் போன காலம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போயின. கூடவே எழுத்தின் விளிம்பும் போயிற்று. குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை; இன்றும் நின்று வாசிக்கலாம். நம் கைலாசநாதர் கோயிலோ பெரும்பகுதி மணற்கல். 700 வாக்கில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. சுற்றுச் சிற்றாலயங்களில் அவன் விருதுப் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. மழையும் காற்றுமே அங்கே போதிய சேதம் செய்திருக்கின்றன. சுவர் முழுக்க எழுத்து இருக்கும் இடத்தில் எதை ரப்பரால் மூடுவது? கோயில்களில் மணல் வீச்சுக்குத் தடை விதித்தது சரியான முடிவு.

மணலோடு தூசியும் பறக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் விடிகாலையில் நெசவாளர்கள் தெருவோரம் பட்டுப் பாவு விரித்திருப்பார்கள். மாமா பட்டறையை ஊருக்கு வெளியே வைத்ததே தூசி பட்டின் மேல் படியக்கூடாது என்றுதான். டிராக்டரைக்கூட அடைப்பைப் பிரிக்கும் முன் காற்றடித்து, இண்டு இடுக்கெல்லாம் டீசலில் கழுவித்தான் விடுவார். ஆனால் மணல் வீசும் நாசிலைப் பிடித்த பையன் முகத்தில் ஒரு துண்டுதான் கட்டியிருந்தான். அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மணலின் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் நோய் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. பிரிட்டன் 1949-லேயே விதி போட்டு, வார்ப்பட வேலையில் மணல் அடிப்பதைத் தடுத்தது.

பழைய டிராக்டரைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் மணலை விட்டுவிடுங்கள். கார்னெட் தூள் கிடைக்கிறது. அதற்கும் சுத்தக் காற்று வரும் தலைக்கவசம் மாட்டாமல் யார் கையிலும் நாசிலைக் கொடுக்காதீர்கள்.